பிரெஞ்சு பாலிஷுக்கு வாங்கிய ஸ்பிரிட்டை வீட்டுக்குள் வைத்து வேலை செய்யலாமா?

ஊஞ்சல்பலகை கேட்டது:

வணக்கம். எங்கள் வீட்டில் தாத்தா காலத்துத் தேக்கு ஊஞ்சல் பலகை ஒன்று இருக்கிறது. ஈரத் தம்ளர்களை வைத்து வைத்து அதன் பழைய பாலிஷில் வெள்ளை வட்டங்கள் விழுந்துவிட்டதால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து நானே பிரெஞ்சு பாலிஷ் போடலாம் என்று இறங்கியிருக்கிறேன். ஹார்டுவேர் கடையில் ஸ்பிரிட் கேட்டபோது, கடைக்காரர் உள்ளே போய், காலிக் குடிநீர் பாட்டில் ஒன்றில் நிறமில்லாத திரவத்தை ஒரு லிட்டர் நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். லேபிளும் இல்லை, பில்லும் இல்லை. "நீலமாக எரிந்தால் நல்ல ஸ்பிரிட்" என்று மட்டும் சொன்னார். கொஞ்சம் எரித்துப் பார்த்தேன்; நீலமாகத்தான் எரிந்தது.

நாங்கள் இருப்பது இரண்டு படுக்கையறை அடுக்ககம். கூடத்தை ஒட்டியே பூஜை அலமாரி இருக்கிறது, மாலையில் விளக்கேற்றுவோம். ஒன்றரை வயதுக் குழந்தையும் இருக்கிறது. இதற்கிடையில், முழங்கால் வலிக்குத் தேய்த்துக்கொள்ள அதில் கொஞ்சம் வேண்டும் என்று என் மாமியார் கேட்கிறார். கூடத்திலேயே வேலை செய்யலாமா? மாமியாருக்குக் கொடுக்கலாமா?

பட்டறைக்காரன் எழுதியது:

முதலில் விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெயில் பழகிய நம் கைகளுக்கு ஸ்பிரிட்டின் குணம் எளிதில் பிடிபடுவதில்லை. மண்ணெண்ணெயின் மேல் தீப்பற்றும் அளவுக்கு ஆவி சேர அது ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும். ஸ்பிரிட்டில் இருக்க வேண்டிய ஆல்கஹாலான எத்தனாலுக்கு 13 டிகிரி போதும், அதைப்போலவே தோன்றும் விஷ ஆல்கஹாலான மெத்தனாலுக்கு 11, தின்னரில் கலக்கும் அசிட்டோனுக்கோ சுழியத்துக்கும் கீழே 20 டிகிரி அளவிலேயே அது நடந்துவிடும். நம் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட ஸ்பிரிட் பாட்டிலின் வாயில் பற்றக்கூடிய ஆவி இருந்துகொண்டேதான் இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தவழ்ந்து, நெருப்பு இருக்கும் இடத்தைத் தேடிப் போவதுபோல் போகும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். புதுமனை ஒன்றில் அலமாரிகளுக்கு வேலை செய்துகொண்டிருந்தபோது, எங்கள் பையன் தின்னர் டப்பாவை மூடாமல் கூடத்தின் ஒரு மூலையில் வைத்துவிட்டான். வீட்டு அம்மா எங்களுக்குத் தேநீர் வைப்பதற்காகச் சமையலறையில் தரையில் இருந்த அடுப்பைப் பற்றவைத்தார். பதினைந்தடி தூரம் இருக்கும். "புஸ்" என்று ஓர் ஓசை. கணுக்கால் உயரத்துக்கு நீலமாக ஒரு தீ சமையலறை வாசலைத் தாண்டி டப்பா வரைக்கும் ஓடி வந்தது. அந்த அம்மாவின் சேலைக் கரை கருகியதோடு போயிற்று. அன்று அவர் கட்டியிருந்தது பருத்திச் சேலை.

ஆகவே கூடத்தில் வேண்டாம். பலகையைக் கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் நிழலில் வைத்துச் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் எரிவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதால், பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் இருக்கக்கூடாது. ஒரு கிண்ணத்தில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் ஊற்றிக்கொண்டு பாட்டிலை உடனே மூடிவிடுங்கள்.

வேதியியல்ஆசிரியை எழுதியது:

விளக்கைப் பற்றிப் பட்டறைக்காரர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். எனக்கு அதைவிடக் கவலை அளிப்பது அந்தக் குடிநீர் பாட்டில்தான்.

நீலமாக எரிவது எதையும் நிரூபிக்காது. எத்தனாலும் நீலமாகத்தான் எரியும், மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். முகர்ந்தும் பிரித்தறிய முடியாது. வீட்டில் செய்து பார்த்து நம்பக்கூடிய சோதனை எதுவும் கிடையாது. குடிக்க முடியாதபடி மாற்றப்பட்ட எத்தனாலைத்தான் "டினேச்சர்டு ஸ்பிரிட்" என்கிறோம். அதில் சேர்க்கும் பொருள் நாட்டுக்கு நாடு, ஆலைக்கு ஆலை மாறும்: நாற்றமடிக்கும் பிரிடின் சேர்ப்பதுண்டு, நாக்கில் பட்டாலே துப்பவைக்கும் டினடோனியம் சேர்ப்பதுண்டு, மெத்தனாலும் சேர்ப்பதுண்டு. அமெரிக்காவில் பெயின்ட் கடைகளில் இதே பெயரில் விற்ற டப்பாக்கள் சிலவற்றில் பாதிக்கு மேல் மெத்தனாலே இருந்தது. எனவே பெயரை நம்பியும் பயனில்லை, லேபிளில் உள்ள சேர்மானத்தைத்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கோ லேபிளே கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் டினேச்சர்டு ஸ்பிரிட்டையும் மெத்தனாலையும் உரிமம் இல்லாமல் விற்கக்கூடாது. 1959-ஆம் ஆண்டின் விதிகள் இவற்றோடு பிரெஞ்சு பாலிஷ் வார்னிஷையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. பாலிஷை வடிகட்டிக் குடித்தவர்களும் இருந்தார்கள் என்பதை அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோரும் இறந்தது கள்ளச்சாராயத்தில் இருந்த மெத்தனாலால்தான். உங்கள் கடைக்காரர் உள்ளே போய் நிரப்பிக் கொண்டுவந்தது எந்தப் பீப்பாயிலிருந்து என்று நமக்கு எப்படித் தெரியும்?

மாமியாருக்குக் கட்டாயம் கொடுக்காதீர்கள். மெத்தனால் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். பாலிஷ் போடும்போது நீங்களும் கையுறை அணிந்துகொள்ளுங்கள். காய்ச்சல் வந்த குழந்தைக்கு ஸ்பிரிட்டில் துணி நனைத்துப் போடும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. லேபிள் உள்ள நல்ல ஸ்பிரிட்டாக இருந்தாலும் அதைச் செய்யக்கூடாது.

அரசுமருத்துவர் எழுதியது:

குழந்தை இருப்பதால் இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

மெத்தனாலின் ஏமாற்று அதன் தாமதத்தில் இருக்கிறது. குடித்தவுடன் லேசான மயக்கம் தவிர ஒன்றும் தெரியாது. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் சேர்ந்து பார்வை நரம்பைத் தாக்குவதற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். கண்ணுக்கு முன்னால் பனி மூடியதுபோல் இருக்கிறது என்று நோயாளி சொல்லும்போது பாதி நேரம் கடந்திருக்கும். பெரியவர்களுக்கே 10 மில்லி பார்வையைப் பறிக்கலாம், 30 மில்லி உயிரைப் பறிக்கலாம் என்னும்போது, ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஒரு வாய் என்பதே அதிகம். குடித்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும், 108-ஐ அழைத்துப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஃபோமிபிசோல் என்ற முறிமருந்து, ரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) போன்ற சிகிச்சைகள் இருக்கின்றன. நேரத்தோடு வந்தால் பலன் தருகின்றன. முறிமருந்தாக எத்தனாலும் தரப்படுவதைக் கேள்விப்பட்டு வீட்டிலேயே பிராந்தி புகட்டுபவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. அளவு பார்த்து, ரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டே தர வேண்டியது அது.

டர்பன்டைனும் தின்னரும் மண்ணெண்ணெயும் வேறு வகை. அவற்றை விழுங்கிய குழந்தைக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைத்த பிறகே எங்களிடம் கொண்டுவருகிறார்கள். வாந்தியோடு ஏறும் எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைப் புண்ணாக்கிவிடுகிறது. விரலை விடாதீர்கள், எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள்.

ஊஞ்சல்பலகை எழுதியது:

மூவருக்கும் நன்றி. பாட்டிலை இப்போதைக்கு மொட்டை மாடி அறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். மாமியாருக்கு வருத்தம்தான்; மருந்துக் கடையில் தைலம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். இந்த ஒரு லிட்டரை என்ன செய்வது? சாக்கடையில் ஊற்றிவிடலாமா?

பட்டறைக்காரன் எழுதியது:

ஊற்றாதீர்கள், குழாய்க்குள் ஆவி நிற்கும், கீழ்வீட்டுக்காரர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. பாட்டிலின் மேல் காகிதம் ஒட்டி "விஷம், குடிநீர் அல்ல" என்று தடித்த எழுத்தில் எழுதி, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் வாங்க மறுத்தால் அருகில் உள்ள பாலிஷ் பட்டறையில் விவரம் சொல்லிக் கொடுங்கள். பாலிஷுக்கு, உரிமம் உள்ள கடையில் சீல் வைத்த டப்பாவில் கரைத்தே விற்கும் அரக்கு பாலிஷை வாங்கினால் போதும், தனியாக ஸ்பிரிட் தேட வேண்டியதில்லை.

இன்னொன்று. பாலிஷுக்குப் பிறகு பளபளப்புக்காக ஆளிவிதை எண்ணெய் தொட்டுத் தேய்ப்பதாக இருந்தால், அந்தப் பனியன் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடேறும்; சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல், யாரும் தீ வைக்காமலே நள்ளிரவில் பற்றிக்கொள்ளும். கொடியில் ஒற்றை ஒற்றையாக விரித்துப் போட்டு, விறைத்துக் காய்ந்த பிறகு குப்பையில் போடுங்கள்.