சானி பாஸ், காட்ஸே ஏரி, வான் ரீனன்: வானம் மாறியபோது கண்டதை எழுதுங்கள்

டர்பன்டீசல்:
சானி பாஸ், தென்னாப்பிரிக்காவிலிருந்து லெசோத்தோ மலைநாட்டுக்கு ஏறும் பாதை. அதில் ஐஸ் கார்னர். போனவர்களுக்கு இடம் தெரியும், உச்சிக்குக் கீழே வெயில் எட்டிப் பார்க்காத வளைவு. ஆடி மாதம், இங்கே குளிர்காலம், காலை எட்டரை. முன்னால் ஏறிய வெள்ளை பக்கி (பிக்கப் வண்டி) நடு வளைவில் எஞ்சின் அணைந்து நின்றது. ஓட்டியவர் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தார். நாலு சக்கரமும் பூட்டிக்கொண்டு வண்டி அப்படியே பின்னால் வழுக்கியது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தும் பயனில்லை. பம்பர் பாறையில் முட்டியதால் நின்றது. மறுபக்கம் பாறை கிடையாது.

வழுக்கிய பனி ஒரு பஸ் நீளம்கூட இல்லை. அதுதான் உறுத்துகிறது.

ஏற்றத்தில் எஞ்சின் அணைந்தால் உடனே கிளட்சைத் தொடாதீர்கள். கியர்தான் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது. கால் பிரேக், ஹேண்ட்பிரேக் இரண்டும் பிடித்த பிறகு லோ ரேஞ்சில் (ஃபோர் வீல் வண்டியில் மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்) ரிவர்ஸ் போட்டு, கிளட்சை முழுக்க விடுங்கள். பிரேக்கை மெல்லத் தளர்த்திவிட்டு, கிளட்ச் மிதிக்காமலே சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடித்து, வண்டி ஆமை வேகத்தில் இறங்கும். சக்கரம் சுற்றிக்கொண்டே இருப்பதால் ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும்.

மலைக்காத்து:
அண்ணே, சொன்னது பழைய வண்டிக்குச் சரி. இப்போது வரும் பல வண்டிகளில் கிளட்ச் மிதிக்காமல் ஸ்டார்ட்டே ஆகாது. சிலவற்றில் அதை விலக்க ஒரு பொத்தான் இருக்கும். வீட்டு வாசலிலேயே தேடி வையுங்கள், வளைவில் நின்று தேடாதீர்கள். ஆட்டோமேட்டிக் என்றால் லோ ரேஞ்ச், ரிவர்ஸ், பிரேக்கை விட்டு விட்டுத் தொட வேண்டும்.

பக்கிக்காரர் செய்த தப்பு அந்த வளைவில் நடந்தது இல்லை, கிளம்பிய நேரத்தில் நடந்தது. குளிர்காலத்தில் எட்டரைக்கு அங்கே என்ன வேலை? பத்து மணிக்கு மேல் ஏறுங்கள். தைப்பூசக் காவடி முடிந்த கையோடு, இங்கத்திய கோடையில், போகிறவர்களுக்கு நேர்மாறு: மத்தியானத்துக்கு மேல் இடியும் ஆலங்கட்டியும் வரும், காலையிலேயே உச்சியைத் தாண்டிவிடணும். எல்லைச் சாவடி காலை 6 முதல் மாலை 6 வரைதான். ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வண்டியைத் தென்னாப்பிரிக்கச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கெஞ்சிப் பயனில்லை.

ஏரிக்கரை:
லெசோத்தோவின் காட்ஸே அணை, மதியம் இரண்டு மணி. ஏரி நீலமாக இருந்தது. எதிர்க்கரையில் ஒரு சாம்பல் திரை இறங்கி, தண்ணீர்மேல் நடந்து வந்தது. அது கடந்த இடமெல்லாம் வாணலியில் பொரி பொரிவது மாதிரி வெள்ளையாகத் துள்ளியது. சத்தம்தான் முதலில் கரைக்கு வந்தது. சுண்டைக்காய் அளவு ஆலங்கட்டி, பத்து நிமிஷம். அப்புறம் மறுபடி வெயில், 185 மீட்டர் உயர அணைச்சுவர் நெடுக ஆவி. ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) குழாயில் வருகிற தண்ணீரில் இந்த ஏரிக்கும் பங்கு உண்டு என்று அப்போது நினைத்தால் சிரிப்புதான் வரும்.

மாட்டுவது அதற்குப் பிறகுதான். ஆலங்கட்டி உருகாத தார்ச்சாலையில் இறங்குவது உருண்டை மணியில் நடப்பது மாதிரி. அரை மணி காத்திருங்கள்.

டீசல்தாத்தா:
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டர்பன் உஷ்ணத்தில் நிரப்பிய டீசலோடு ஜூலையில் லெசோத்தோ மலையூர் மொகோட்லாங்கில் ராத்தங்காதீர்கள். கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். காலையில் ஸ்டார்ட் ஆகி, இரண்டு நிமிஷம் ஓடி, மூச்சுத் திணறி நிற்கும். பேட்டரி என்று நினைத்து ஆளாளுக்குத் தள்ளுவார்கள். பாதி டேங்கோடு ஏறி, மேலே விற்கும் டீசலை நிரப்பிக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் கலக்கும் பழைய வைத்தியம் புது டீசல் எஞ்சின்களின் காமன் ரெயில் (உயரழுத்த) பம்புக்கு விஷம், மசகு போய்விடும். நின்றுவிட்டால் ஃபில்டர்மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள், தீ காட்டாதீர்கள்.

ரேடியேட்டரில் கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. வெறும் தண்ணீர் உறைந்து விரிந்தால் எஞ்சின் பிளாக்கே பிளக்கும். டயர் காற்று சரளைக்கல்லில் 1.8 பார், தார் வந்ததும் பழைய அளவு. அதனால் கம்ப்ரசர் இல்லாமல் காற்றை இறக்காதீர்கள். டர்போ இல்லாத எஞ்சின் சானியின் 2,876 மீட்டர் உச்சியில் கால்வாசிக்கு மேல் பலம் இழக்கும். வண்டி கெட்டுவிட்டது என்று பதறாமல் ஒரு கியர் குறையுங்கள்.

நேரிசை:
தாத்தா, மூச்சு விடுங்கள். சானி மட்டும்தான் மலையா? 2024 செப்டம்பர் 21, புரட்டாசி முதல் சனி. வான் ரீனன் கணவாய்ப் பக்கம், டர்பன்-ஜோபர்க் என்3 நெடுஞ்சாலை பனியில் மூடிக் கிடந்தது, லாரிகளுக்கு நடுவே கார்கள் ராத்திரி முழுக்க நின்றன. கண்ணில் நிற்பது ஒரு சின்னக் கார்: ஹீட்டருக்காக எஞ்சின் ஓடுகிறது, புகைக்குழாய் பாதி பனிக்குள். கண்ணாடிக்குப் பின்னால் தூங்கும் குழந்தைகள். பக்கத்து லாரி ஓட்டுநர் கதவைத் தட்டி எழுப்பி, கையாலேயே பனியைத் தோண்டினார். குழாய் அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறும், வாசனையும் கிடையாது. மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் ஓட்டுங்கள், ஒவ்வொரு முறையும் முதலில் இறங்கிக் குழாயைப் பாருங்கள், காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை விரல் அளவு திறந்து வையுங்கள்.

ஏரிக்கரை:
காட்ஸேக்கு ஃபோர் வீல் வேணுமா என்று தனியாகக் கேட்டவருக்கு: மபுட்சோ, லெரிபே, பிட்செங் வழியாக முழுக்கத் தார், சாதாரண கார் போதும்.

மலைக்காத்து:
'போதும்' என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அந்த வழியில் வரும் மஃபிகா லிசியு கணவாய் 3,090 மீட்டர். இறக்கத்தில் பிரேக் மிதித்தே வருகிற சின்னக் காரில் கருகிய வாடை வரும், பெடல் பஞ்சாகும். இரண்டாம் கியர், வேணுமென்றால் முதல் கியர். வாடை வந்தபின் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளையும். அரை மணி ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள்.

டர்பன்டீசல்:
போகும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கப்பா. மூடுபனியில் பின்னால் வருகிறவனுக்கு ஆடு எது, கல் எது என்று தெரியாது.