பொதுக் கம்ப்யூட்டரில் தங்கிவிடும் சிட்டா, ஆதார் நகல்கள்: வழி சொல்லுங்கள்

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு இ-சேவை மையம். இரண்டு கம்ப்யூட்டர், மூன்று ஆபரேட்டர்கள். சம்பா பயிர்க் காப்பீடு பதிவு தொடங்கிவிட்டால் ஆளுக்குச் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் என நான்கு ஸ்கேன். எல்லாம் டி டிரைவில் ஒரே ஃபோல்டரில் குவிகிறது. அடுத்தவருக்கு அப்லோட் பட்டனை அமுக்கினாலே முந்தையவரின் பாஸ்புக் சிறுபடமாக வந்து நிற்கிறது, கவுண்டருக்கு வெளியே நிற்பவரும் பார்க்கும்படி. நம்பிக் கொடுத்த காகிதத்துக்கு இது நியாயமே இல்லை.

குரோமில் கெஸ்ட் மோட் போட்டாயிற்று. ஹிஸ்டரியும் லாகினும் போகும், இறக்கிய பிடிஎஃப் அப்படியே கிடக்கும். பழைய ஃபைல்களைத் தானாக அழிக்கும் விண்டோஸ் ஸ்டோரேஜ் சென்ஸில் டவுன்லோட்ஸுக்கு 1 நாள் கெடு வைத்தோம். ஸ்கேன் ஃபோல்டரை அது தொடுவதில்லை. ஆளுக்கொரு அக்கவுண்ட் என்றாலும் மூவருக்கும் அட்மின் உரிமை இருக்கும்வரை பூட்டு பெயருக்குத்தான். அதனால் ஸ்டாண்டர்ட் அக்கவுண்டாக மாற்றுகிறோம்.

குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில், தேதி பார்த்து ஃபைல்களைப் பொறுக்கும் ஃபோர்ஃபைல்ஸ் கட்டளை வைத்து, ஒரு நாள் கடந்த ஸ்கேன்களை இரவில் அழிக்க எண்ணம். சிக்கல் இதுதான்: சர்வர் திணறி மறுநாளுக்குத் தள்ளிய விண்ணப்பங்களின் நகலும் போய்விடும், விவசாயி திரும்ப பஸ் ஏறி வர வேண்டும். நிலுவைக்குத் தனி ஃபோல்டர் வைப்பவர்கள் எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள்? பாஸ்வேர்ட் போட்ட ஜிப் போதுமா? வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்லி அனுமதி வாங்குகிறீர்கள்?

யாராவது வாட்ஸ்அப் வெப்பைத் திறந்தபடி விட்டுப் போனால், படிக்காமல் உடனே லாக்அவுட் செய்கிறோம். அவருக்குத் தகவலும் சொல்ல வேண்டுமா?