டோக்கியோவில் குழந்தைகளோடு: போய் வந்தவர்களின் அனுபவங்கள்

கோவைவாசி:

மே மாதம் குழந்தைகளோடு டோக்கியோ போகிறோம், சமாளிக்க முடியுமா என்று ஒரு தோழி கேட்டிருந்தார். முடியும். நாங்கள் எட்டு வயசுப் பையன், நாலு வயசுப் பெண், மாமியார் என்று ஐந்து பேராகப் போய் ஒன்பது நாள் இருந்துவிட்டு வந்தோம். நடந்த ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஊரைச் சுற்றிப் பார்க்கப் போட்ட திட்டத்தையெல்லாம் விட அதற்காக முன்கூட்டியே செய்துவைத்த ஏற்பாடுதான் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன்.

தங்கியது ஓட்சுகாவில். யாமனோத்தே என்கிற வட்டப் பாதை ரயில் நகரத்தை ஒரு சுற்று சுற்றி வரும், முப்பது ஸ்டேஷன், முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் அதில் ஏறி மிருகக்காட்சி சாலைக்காக உயேனோவில் இறங்கினோம். நான் பெண்ணைத் தூக்கிக்கொண்டேன், கணவர் தள்ளுவண்டியை இறக்கினார், மாமியார் கையைப் பிடித்து இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பையன் உள்ளேயே நிற்கிறான். கதவுக்கு மேலே உள்ள திரையில் ஸ்டேஷன் பெயர் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகத்தைப் பார்த்த அந்த ஒரு நொடி இன்னும் மறக்கவில்லை.

கிளம்புவதற்கு முன்னாலேயே வீட்டில் பலமுறை சொல்லிப் பழக்கியிருந்தோம்: பிரிந்துவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கு, இறங்கின இடத்திலேயே நில், எங்களைத் தேடித் திரும்பி ரயில் ஏறாதே. ஹோட்டல் வரவேற்பில் கேட்டு, அவன் பெயர், எங்கள் போன் நம்பர், ஹோட்டல் முகவரி எல்லாம் ஜப்பானிய மொழியில் எழுதின ஒரு அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருந்தோம். கணவரை மற்ற இருவரோடு அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு நான் அடுத்த ரயிலில் ஏறினேன். நாலு நிமிஷத்தில் அது வந்துவிட்டது, எனக்குத்தான் அந்த நாலு நிமிஷம் போகவே இல்லை.

அடுத்த ஸ்டேஷன் ஒகாச்சிமாச்சி. ஒரு தூண் பக்கத்தில் நின்றான். ஒரு பாட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், பக்கத்தில் ஸ்டேஷன் ஊழியர் ஒருவர் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டிக்குப் போக வேண்டிய ரயில் போயிருக்கும், எத்தனை போனதோ, அவர் நகரவில்லை. நன்றி சொல்ல எனக்குத் தெரிந்தது "அரிகாத்தோ கொசாய்மாஸ்" ஒன்றுதான், அழுதுகொண்டே அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் அட்டையை வாங்கி அவன் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்துத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த ரயிலில் போய்விட்டார்.

அன்று நாங்கள் வந்தது பச்சைக் கோடு போட்ட ரயில். அதே வழியில் நீலக் கோடு போட்ட இன்னொரு ரயிலும் ஓடுகிறது, வாரநாள் பகலில் அது விரைவு வண்டியாகி ஒகாச்சிமாச்சியில் நிற்காமல் போய்விடும். அதனால் "அடுத்த ஸ்டேஷன்" என்று சொல்லாமல் "ரயில் முதலில் எங்கே நிற்கிறதோ அங்கே இறங்கு" என்று சொல்லிக்கொடுங்கள். இதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

மற்றபடி ரயில் பயணம் எளிது. ஆறு வயசுக்குள் பள்ளி சேராத குழந்தைக்கு டிக்கெட் இல்லை, பெரியவர் ஒருவருக்கு இரண்டு குழந்தை வரை. ஆறிலிருந்து பதினொன்று வரை அரை டிக்கெட். பாஸ்போர்ட்டைக் காட்டினால் கவுண்டரில் குழந்தைக்கான சுய்கா என்கிற ரயில் கட்டண அட்டை தருவார்கள், அதை வாசலில் தட்டினால் கோழிக்குஞ்சு மாதிரி பியோ பியோ என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே பையன் ஒவ்வொரு தடவையும் முன்னால் ஓடினான். காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை மட்டும் ரயில் பக்கமே போகாதீர்கள், பெரியவர்களுக்கே மூச்சு முட்டும்.

இன்னொன்று, அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே காலை ஏழு என்றால் குழந்தைகளின் உடம்புக்கு அதிகாலை மூன்றரை. முதல் மூன்று நாள் எழுப்பவே முடியவில்லை. காலை பத்து மணிக்கு மேல் கிளம்புவதாகவே திட்டம் போடுங்கள், கடைகளும் பெரும்பாலும் அப்போதுதான் திறக்கும்.

ஐந்தாம் நாள் அசாகுசா கோயில், 634 மீட்டர் உயர ஸ்கைட்ரீ கோபுரம், சாயங்காலம் ஷிபுயா என்று ஒரே நாளில் வைத்தோம். மூன்று மணிக்கே பெண் தூங்கிவிட்டாள், மாமியாருக்குக் கால் வீங்கிவிட்டது. மறுநாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒரே இடம் என்று மாற்றினோம். அதற்குப் பிறகுதான் எல்லோரும் சிரித்த முகமாக இருந்தோம். ஓடைபா பகுதிக்குப் போகும் யுரிகாமோமே ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது, முன் சீட் கிடைக்க இரண்டு வண்டியை விட்டுவிட்டுக் காத்திருந்தோம், பையனுக்கு அந்தப் பயணத்திலேயே அதுதான் பெரிய சந்தோஷம்.

இரட்டையர் அப்பா:

எங்கள் இரட்டையருக்கு அப்போது இரண்டரை வயசு. தங்குமிடம் பற்றி மட்டும் சொல்கிறேன். ஹோட்டல் அறைகள் ரொம்பச் சின்னவை, பெட்டியைத் தரையில் விரித்தால் நடக்க இடம் இருக்காது. பதிவு செய்யும்போது குழந்தைகளையும் கணக்கில் சொல்லுங்கள். கட்டிலைப் பகிர்ந்துகொள்ளும் சின்னக் குழந்தைக்குப் பல இடங்களில் காசு வாங்குவதில்லை, ஆனால் எண்ணிக்கை முன்கூட்டியே தெரிய வேண்டும். நாங்கள் சொல்லாமல் போய், ராத்திரி பதினோரு மணிக்குத் தூங்கும் இரண்டு பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வேறு அறைக்காக நிற்க வேண்டியதாயிற்று.

பெரிய பெட்டிகளை விமான நிலையத்திலேயே கூரியரில் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் மறுநாள் ஹோட்டலுக்கு வந்துவிடும், ஒரு நாள் துணியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுவண்டிக்காரர்கள் லிஃப்ட் உள்ள வாசல் எது என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டேஷனில் இறங்கி நடக்க வேண்டும். ஷின்ஜுகுவில் இருநூறுக்கு மேல் வாசல், தப்பான பக்கம் வெளியே வந்தால் சுற்றி வரவே அரை மணி நேரம். கழிப்பறை பற்றிக் கவலையே வேண்டாம், தண்ணீர் வசதி பெரும்பாலான இடங்களில் உண்டு, பெரிய கடைகளில் குழந்தைக்குப் பாலூட்ட, டயபர் மாற்றத் தனி அறையே இருக்கிறது. குப்பைத் தொட்டிதான் தெருவில் கிடைக்காது, அதற்கு ஒரு பை எடுத்துப் போங்கள்.

நிஷிகசாய் அக்கா:

நான் டோக்கியோவிலேயே இருப்பதால் சாப்பாடு பற்றி எழுதுகிறேன். சுத்த சைவம் என்றால் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்: தாஷி. கட்சுவோ என்ற மீனைக் காயவைத்துச் சீவிக் கொதிக்கவைத்து எடுக்கும் சாறு அது, நூடுல்ஸ் குழம்பு, மிசோ சூப், சில சமயம் முட்டையில்கூட இருக்கும். ஊரிலிருந்து வந்த என் அண்ணன் குடும்பத்தோடு ஒரு சோபா நூடுல்ஸ் கடைக்குப் போனபோது, காய்கறி மட்டும் என்று கேட்டோம். கடைக்காரர் உள்ளே போய்க் குழம்புப் பாத்திரத்தைக் காட்டி, இதில் மீன் இருக்கிறது, உங்களுக்கு ஆகாது என்று சொல்லி, வேறு கடைக்கு வழியும் வரைந்து கொடுத்தார். வியாபாரம் போகிறதே என்று அவர் நினைக்கவில்லை. எனக்கு இந்த ஊர் பிடித்ததற்கு இப்படிப்பட்ட ஆட்கள்தான் காரணம்.

அண்ணன் குழந்தைகளுக்குக் கடையில் வாங்கின வெறும் உப்புச் சோற்று உருண்டை, வாழைப்பழம், தயிர், பிரெட் இதிலேயே காலைச் சாப்பாடு ஓடியது. எங்கள் எதோகாவா வட்டாரத்தில் நிறைய இந்தியக் குடும்பங்கள் இருக்கின்றன, மளிகைக் கடையும் இட்லி தோசை கிடைக்கும் இடங்களும் உண்டு. ஒரு சாயங்காலம் இந்தப் பக்கம் வாருங்கள். வருகிற வழியில் கசாய் ரின்காய் பூங்காவில் மீன் காட்சியகம் இருக்கிறது, பெரிய சூரை மீன்கள் கூட்டமாகச் சுற்றிச் சுற்றி நீந்தும், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம், புதன்கிழமை மூடியிருக்கும். ஐந்து மணி வாக்கில் தெரு ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வந்தால் பயப்படாதீர்கள். விளையாடும் பிள்ளைகள் வீட்டுக்குப் போக வேண்டிய நேரம் என்று அர்த்தம், பேரிடர் எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று சரிபார்ப்பதும் அதே பாட்டில்தான்.

கோவைவாசி:

அக்கா, அந்தப் பாட்டை நாங்களும் கேட்டோம், என்னவென்று இப்போதுதான் தெரிகிறது. அப்புறம் தோழி, தேதி விஷயம். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அங்கே தொடர் விடுமுறை, ரயில், ஹோட்டல் எல்லாம் நிரம்பி வழியும், விலையும் ஏறியிருக்கும். நம் பிள்ளைகளுக்கு மே முழுக்க லீவுதானே, அவர்களுடைய தொடர் விடுமுறை முடிந்து மே ஏழாம் தேதிக்கு மேல் போங்கள். ஜூன் முதல் பாதியில் மழைக்காலம் தொடங்கிவிடும், அதற்குள் திரும்பிவிடலாம். மிதாகாவில் உள்ள கிப்லி அனிமேஷன் பட அருங்காட்சியகம் வேண்டுமென்றால் வாசலில் டிக்கெட் கிடையாது, மே மாதத்துக்கானது ஏப்ரல் 10 அன்று அவர்கள் நேரம் காலை பத்துக்கு விற்பனைக்கு வரும், நமக்கு ஆறரை மணி. நான் எட்டு மணிக்கு எழுந்து பார்த்தேன், நாங்கள் இருந்த நாட்களுக்கு ஒன்றுகூட மிச்சமில்லை.