லைகமிங் ஓ-320: மூன்றாவது சிலிண்டரில் மட்டும் 58 பிஎஸ்ஐ, வழி சொல்லுங்கள்

வணக்கம். விமானம் செஸ்னா 172பி (172P), லைகமிங் ஓ-320-டி2ஜே பிஸ்டன் இன்ஜின். 100 மணிநேரச் சோதனையில் இன்ஜின் சூட்டோடு ஒவ்வொரு சிலிண்டருக்கும் 80 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காற்று கொடுத்து, உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று பார்த்தோம். மற்ற மூன்றும் 75-க்கு மேல், மூன்றாவது சிலிண்டர் மட்டும் 58. கசிவுச் சத்தம் எக்ஸாஸ்ட் குழாயில் தெளிவாகக் கேட்கிறது, ஆயில் ஊற்றும் வாயில் இல்லை. ஆகவே பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கவில்லை, எக்ஸாஸ்ட் வால்வுதான். ராக்கரைத் தட்டி வால்வைச் சீட்டில் உட்காரவைத்தும் எண் ஏறவில்லை. போரஸ்கோப்பில் (சிலிண்டருக்குள் விட்டுப் பார்க்கும் சிறு கேமரா) வால்வின் ஒரு ஓரம் மட்டும் நிறம் மாறியிருக்கிறது. 60-க்குக் கீழே போனால் சிலிண்டரைக் கழற்றுவது பற்றி யோசிக்க வேண்டும் என்பது லைகமிங்கின் வழிகாட்டுதல்.

லைகமிங்கின் சர்வீஸ் புல்லட்டின் 388சி-படி வால்வு கைடு (வால்வின் தண்டு நகரும் குழல்) தேய்மானம் அளக்கும் கருவி யாரிடமாவது உண்டா? சிலிண்டரைக் கழற்றாமலே வால்வை லாப்பிங் செய்த (சீட்டோடு தேய்த்துப் பொருத்திய) பி1.2 உரிமக்காரர்கள் (பிஸ்டன் விமானப் பராமரிப்பு உரிமம் உள்ளவர்கள்), எந்த ஆவணத்தைக் குறிப்பிட்டு லாக்புக்கில் கையொப்பமிட்டீர்கள்? கைடு தேய்ந்திருந்தால் லாப்பிங் நிலைக்காது என்பதால் முதல் கேள்விக்கான பதில்தான் அவசரம்.