லாரி, கப்பல், மறுபடி லாரி: மூணு கொட்டேஷனும் மூணு மாதிரி இருக்கே?

புதுசா_வந்தவன்:
வணக்கம் மக்களே. பாலம் கிடையாத ஒரு தீவுக்கு சின்ன ஜெனரேட்டர் ஒண்ணு, டூல்ஸ், பத்து பதினஞ்சு அட்டைப்பெட்டி அனுப்பணும். மரத்தட்டு மேல அடுக்கி ரெண்டு பேலட்டா கட்டியாச்சு, மொத்தம் 900 கிலோ. ஒருத்தர் வெயிட்டுக்கு ரேட் சொல்றார், இன்னொருத்தர் சிபிஎம்ங்கறார் (அதாவது எத்தன கன மீட்டர் எடம் பிடிக்குதுன்னு), மூணாவது ஆள் மொத்தமா ஒரு ரேட் போட்டுட்டு அடில பொடி எழுத்துல "லோக்கல் சார்ஜ் தனி"ன்னு எழுதியிருக்கார். இருக்கறதுலயே அதுதான் கம்மி. அவருக்கே குடுத்துடலாமா?

புக்கிங்_கிளார்க்:
அவசரப்படாதீங்க ப்ரோ, அந்த பொடி எழுத்துலதான் வித்தையே இருக்கு. மொதல்ல கணக்க பாருங்க. கப்பல்ல அடுத்தவங்க சரக்கோட சேர்த்து ஒரே கன்டெய்னர்ல போனா டன்னா சிபிஎம்மா, எது அதிகமோ அதுக்குத்தான் காசு. லாரில நிறைய பேரு 1 சிபிஎம்ம 333 கிலோன்னு எடுத்துப்பாங்க. ஒரு பேலட் 1.2 × 1 × 1.5 மீட்டர்னு வச்சுக்கோங்க, 1.8 சிபிஎம், ரெண்டும் சேர்ந்து 3.6. அப்ப கப்பல் கணக்குல நீங்க 0.9 இல்ல, 3.6. லாரி கணக்குல 900 கிலோ இல்ல, கிட்டத்தட்ட 1,200. பெட்டி பேலட்ட விட்டு நாலு பக்கமும் 5 செமீ துருத்திட்டு இருந்தா போச்சு, 1.3 × 1.1 ஆயி ஒரு பேலட் 2.1 தாண்டிடும், ஏன்னா டேப்ப துருத்தற முனைலதான் வைப்பாங்க. காத்துக்கு காசு கட்டணும்.

புதுசா_வந்தவன்:
ஐயோ இப்பதான் போய் அளந்தேன், ஒரு பக்கம் 7 செமீ வெளிய நிக்குது 😅 பிரிச்சு கட்டறேன்.

பழைய_லாஷிங்காரன்:
பிரிக்கறதே பிரிக்கறீங்க, ஜெனரேட்டர்ல டீசல சுத்தமா இறக்கி பேட்டரி வயர கழட்டிடுங்க, அதுக்கப்புறமும் உள்ள இன்ஜின் இருக்குன்னு புக்கிங்லயே சொல்லிடுங்க. மறைச்சு ஏத்தி கேட்ல மாட்டினா மொத்த லோடும் நின்னுடும். நாடு தாண்டற சரக்குன்னா பேலட் கட்டைல ஐஎஸ்பிஎம் 15 முத்திரை, அதாவது பூச்சி பரவாம பதப்படுத்தின மரம்னு காட்டற சர்வதேச முத்திரை இருக்கணும் (கட்டையோட நடு வரைக்கும் 56 டிகிரி, 30 நிமிஷம் சூடு காட்டினது). அப்புறம் ஈரம். எங்க லோடு ஒண்ணு, வெளியேர்ந்து ஒரு சொட்டு தண்ணி உள்ள போகல, ஆனா பகல் சூடும் ராத்திரி குளிரும் மாறி மாறி கன்டெய்னர் கூரை உள்பக்கமா வேர்த்து சொட்டி, திறந்து பாத்தா மேல் வரிசை அட்டையெல்லாம் ஊறின அப்பளம் மாதிரி தொங்குது. பேலட்ட பிளாஸ்டிக்ல சுத்தும்போது தலைக்கும் ஒரு ஷீட் போடுங்க, ஈரம் உறிஞ்சற பையும் வைங்க.

கரையோரம்:
இன்சூரன்ஸ் பத்தி யாருமே பேசலயே. 2021 மார்ச்ல எவர் கிவன்ங்கற கன்டெய்னர் கப்பல் சூயஸ் கால்வாய்ல 6 நாள் குறுக்க மாட்டிட்டு நின்னுச்சே, அப்ப ஓனர் தரப்பு ஜெனரல் ஆவரேஜ் அறிவிச்சாங்க. அதாவது கப்பல காப்பாத்தற செலவுல சரக்குக்காரங்களும் பங்கு குடுக்கணும், உங்க பெட்டில ஒரு கீறல்கூட விழலன்னாலும் சரி. அந்தப் பங்க கட்டிடுவோம்னு கேரண்டி குடுக்காம சரக்கு கைக்கு வராது. இன்சூரன்ஸ் எடுத்திருந்தா அத அவங்க பாத்துப்பாங்க. இன்னொண்ணு, பில் ஆஃப் லேடிங்ல (சரக்க ஏத்திக்கிட்டதுக்கு கப்பல்காரங்க குடுக்கற ரசீது) "2 பேலட்"னு மொட்டையா விடாதீங்க, உள்ள எத்தன பெட்டின்னு எண்ணி எழுத சொல்லுங்க. நஷ்டஈடு உச்சவரம்ப நிறைய எடத்துல பேக்கேஜ் கணக்குல பாப்பாங்க, மொட்டையா இருந்தா வெறும் ரெண்டுதான்.

புக்கிங்_கிளார்க்:
ஆமா அது முக்கியம். கட்-ஆஃப் டயமும் கேளுங்க, கப்பல் கிளம்பற நேரம் இல்ல, சரக்கு ஷெட்டுக்குள்ள வர கடைசி நேரம். அந்த மாதிரி தீவுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு கப்பல்னா லாரி அரை நாள் லேட்டானாலும் ரெண்டு வாரம் காலி, ஷெட் வாடகை வேற ஏறும். மூணாவது ஆள்ட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க, அந்தக் கரைல பேலட்ட யார் இறக்கறாங்கன்னு.

புதுசா_வந்தவன்:
கேட்டுட்டேன். அவர் ரேட்டு அந்தப் பக்கம் கப்பல் துறையோட முடிஞ்சுதாம், லாரி நம்ம பாடு. ஃபோர்க்லிஃப்ட் இருக்கான்னேன், "அங்க போய் விசாரிச்சுக்கோங்க"ன்னார். சிபிஎம் சொன்னவர் இறக்கறது, வீடு வரைக்கும் லாரி எல்லாம் சேர்த்துதான் சொல்லியிருக்கார், அவர்ட்டயே புக் பண்ணிடறேன். பேலட்ட மறுபடி கட்டி அளந்துட்டு வரேன்.