துக்கம் முடிந்த அதே ராத்திரியில் கொண்டாட்டமா?

ஹைஃபாவாசி:
முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இஸ்ரேல் வந்திருக்கிறேன். போரிலும் தாக்குதல்களிலும் இறந்தவர்களுக்கான நினைவு நாள் தொடங்கும் இரவு எட்டு மணிக்குச் சைரன். பாட்டி சக்கர நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்து நின்றார். மறுநாள் 11 மணிக்கு இன்னொரு சைரன், தொலைக்காட்சியில் இறந்தவர்களின் பெயர்கள். பொழுது சாய்ந்ததும் வாணவேடிக்கை! துக்க வீட்டிலேயே கல்யாணமா?

பழைய ஆள்:
யூத நாள்காட்டியில் சூரியன் மறைந்தாலே அடுத்த நாள்தான் தம்பி. இயார் மாதம் 4 நினைவு நாள், 5 சுதந்திர நாள். வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளோடு மோதினால் தேதியை மாற்றுவார்கள். ஜெருசலேமின் ஹெர்சல் மலை விழாவில் அரைக்கம்பத்தில் இருக்கும் கொடியை உச்சிக்கு ஏற்றி, 12 தீப்பந்தங்கள் கொளுத்துவார்கள். இரண்டையும் வேண்டுமென்றேதான் ஒட்டி வைத்திருக்கிறார்கள். இஸ்ரேல் உருவான 1948 போரில் சுமார் 6,000 பேர் இறந்தார்கள். அன்றைய இஸ்ரேல் யூதர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். பிள்ளையைப் பறிகொடுத்த சிலர் அன்று மாலை வெளியே தலைகாட்டுவதே இல்லை. எனக்கே இது இன்னும் ஜீரணமாகவில்லை, அது வேறு கதை.

ஜெருசலேம் சமையல்காரர்:
எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. மெசியா என்னும் மீட்பர் வருமுன் யூத அரசு கூடாது என்று நம்பும் தீவிர மதப்பற்றாளர்கள் கொண்டாடுவதில்லை. தேசப்பற்றுள்ள மதவாதிகளோ ஜெபக்கூடத்தில் கடவுளைப் புகழும் ஹல்லேல் சங்கீதங்களே பாடுகிறார்கள். அரபுக் குடிமக்கள் பலருக்கு 1948 என்றால் நக்பா, ஊரையும் வீட்டையும் இழந்த பேரழிவு.

ஹைஃபாவாசி:
நன்றி அண்ணா. நாளை பாட்டியைப் பூங்காவுக்கு அழைத்துப்போகலாமா?

பழைய ஆள்:
தாராளமாக. ஊரே இறைச்சி சுடும், புகை கண்ணைக் கரிக்கும். காலையிலேயே போய் நிழலில் இடம் பிடியுங்கள்.