தௌலாதார் கழுகு வலசை: முட்டி வலி உள்ள அப்பாவை எங்கே உட்கார வைப்பது?

மயூர் விஹார் மீனா:
வணக்கம். அப்பா திருநெல்வேலிக்காரர். கூந்தன்குளத்தில் கூழைக்கடாவும் நாரையும் பார்த்து வளர்ந்தவர். அம்மா போனபிறகு டெல்லியில் எங்களோடு இருக்கிறார். தினமும் மொட்டைமாடியில் நாற்காலி போட்டு, காஜிப்பூர் குப்பை மலைக்கு மேல் சுற்றும் பருந்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இதெல்லாம் எச்சி பொறுக்குத கூட்டம்லா, நெசக் கழுகு எங்க?" என்று என்னிடம் சண்டை.

தீபாவளியை ஒட்டி தர்மசாலா கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன். அந்தச் சமயம் தௌலாதார் மலைத்தொடர் ஓரமாகக் கழுகுகள் வலசை போகும் என்று கேள்வி. டிரியுண்ட் முகடு வரை ஏறினால்தான் பார்க்க முடியுமா? அவருக்கு இரண்டு முட்டியும் தேய்மானம், படி இறங்கவே கைப்பிடி வேண்டும். எந்த நேரத்தில், எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது? வீட்டில் பழைய பைனாகுலர் ஒன்று இருக்கிறது.

துவாரகா ஜெயபால்:
கழுகுதான் முக்கியம் என்றால் பிக்கானேர் போங்கள். ஊருக்கு வெளியே ஜோர்பீரில் செத்த மாடு, ஒட்டகங்களைக் கொண்டுவந்து போடுகிற இடம் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் ஸ்டெப்பி கழுகுகள் (மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து குளிருக்கு வருபவை) தரையிலேயே உட்கார்ந்திருக்கும். காரை விட்டு இறங்க வேண்டியதில்லை. நாற்றம் மட்டும் தாங்க வேண்டும்.

ஆர்.கே.புரம் ராமன்:
மீனா, ஜோர்பீருக்கு ஜனவரியில் தாராளமாகப் போங்கள். ஆனால் அங்கே பார்ப்பது வந்து சேர்ந்து பந்தியில் உட்கார்ந்துவிட்ட கழுகை. பயணத்தில் இருக்கிற கழுகைப் பார்க்க மலைக்குத்தான் போகவேண்டும். நான் வேலையில் இருந்த காலத்திலிருந்தே அங்கே போய்க்கொண்டிருப்பவன், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரியுண்ட் வேண்டாம். சுமார் 2,850 மீட்டர் உயரம், கடைசிப் பகுதி முழுக்கக் கல்லும் வளைவும். தம் பிடித்து ஏறிவிடுவார், இறங்கும்போதுதான் முட்டி பழிவாங்கும். தரம்கோட் கிராமத்துக்கு மேலே கல்லு தேவி கோயில் இருக்கிறது, ஏறக்குறைய 2,100 மீட்டரில், மலை முதுகின் மேலேயே. டாக்சி கோயில் பக்கம் வரை போகும். பாதை மோசம், சின்ன கார் வைத்திருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், முதல் நாளே பேசி வையுங்கள். அதுவும் முடியாது என்றால் நட்டி கிராமம். அங்கே நல்ல ரோடு உண்டு, ஆனால் பறவை சின்னதாகத்தான் தெரியும். கல்லுவில் சில சமயம் நம் கண் மட்டத்திலேயே போகும், முதுகுப் பக்கத்துப் பழுப்பு நிறம்கூடத் தெரியும்.

இப்போது திசை. அங்கே வருகிற எல்லோரும் பனிச் சிகரத்தைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்கள். மங்கோலியா பக்கத்துப் பறவை சிகரத்தைத் தாண்டி நம் தலைக்கு மேல் தெற்கே போகும் என்று எதிர்பார்ப்பு. இங்கே ஓட்டம் கிழக்கிலிருந்து மேற்கே. நேபாளத்தில் பொக்ராவுக்குப் பக்கத்தில் தூலாகர்க்கா என்ற இடத்தில் எண்ணுகிறார்களே, அங்கேயும் இப்படித்தான், இமயத்தின் தெற்குச் சரிவை ஒட்டியே மேற்கு நோக்கிப் போகும். தௌலாதார் தென்கிழக்கிலிருந்து வடமேற்காகக் கிடப்பதால் இங்கே வடமேற்குப் பக்கம் நகரும். யான் வில்லெம் டென் பெஸ்டன் என்பவர் 2001 இலையுதிர் காலத்திலும் 2002 வசந்த காலத்திலும் தர்மசாலாவில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார், ஸ்டெப்பி கழுகு மட்டுமே ஆயிரக்கணக்கில். ஆகவே அப்பாவின் நாற்காலியைத் தென்கிழக்குப் பார்த்துப் போடுங்கள். மலை இடது கைப் பக்கம், காங்க்ரா பள்ளத்தாக்கு வலது கைப் பக்கம்.

விடியற்காலையில் அவரை எழுப்பிக் குளிரில் நடுங்க விடாதீர்கள். இவ்வளவு கனமான பறவை இறக்கை அடித்துக்கொண்டே தொலைதூரம் போகாது. வெயில் தெற்குச் சரிவைச் சூடாக்கி, காற்று மேலே கிளம்பவேண்டும். அதில் வட்டமிட்டு உயர்ந்து, பிறகு இறக்கையை விரித்தபடி சறுக்கிக்கொண்டே அடுத்த சரிவுக்குப் போய், அங்கே மறுபடி உயரும். அதனால் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குப் போனால் போதும். அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் நடு வரை நல்ல காலம்.

குழப்பம் எங்கே வரும் என்றால், அங்கேயே குடியிருக்கிற இமாலயப் பிணந்தின்னிக் கழுகு. ஸ்டெப்பியைவிடப் பெரிது, வால் குட்டை, அடிப்பக்கம் இறக்கையின் முன்பாதி வெளுப்பு, பின்பாதி கறுப்பு. அது சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வரும். வலசைக்காரர் திரும்பி வரமாட்டார். ஒன்று போன வழியிலேயே இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று வந்தால் சந்தேகமே வேண்டாம். இளம் ஸ்டெப்பிக்கு இறக்கையின் அடியில் நீளவாக்கில் வெள்ளைப் பட்டை ஓடும், வெகு தூரத்திலிருந்தே தெரியும். கிட்டே வந்தால் வாயோரத்து மஞ்சள் கோடு கண்ணுக்குப் பின்பக்கம் வரை நீண்டிருப்பதைப் பாருங்கள். பருந்துக்கு வால் நுனி கவட்டை போல் பிளந்திருக்கும், அது அப்பாவுக்கே தெரியும்.

சுத்தமான நீல வானத்தில் கழுகைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வெள்ளை மேகம் இருந்தால் அதன் ஓரத்தைப் பைனாகுலரால் மெதுவாகத் துழாவுங்கள். புதிதாக வாங்குவதென்றால் 8×42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது) போதும், பத்து மடங்கு கையில் ஆடும்.

அப்புறம் ஒன்று. காஜிப்பூர் பருந்தை அப்பா அவ்வளவு இளப்பமாகப் பேசவேண்டாம். குளிர்காலத்தில் அங்கே கூடுவதில் நிறைய மத்திய ஆசியாவிலிருந்து வருபவை. இந்திய வனவிலங்கு நிறுவன ஆய்வாளர்கள் சிலவற்றுக்கு டிரான்ஸ்மிட்டர் கட்டி விட்டதில், காரகோரம் மலையைத் தாண்டி கஜகஸ்தான், ரஷ்யா, மங்கோலியா பக்கம் போனது தெரிந்திருக்கிறது. எச்சில் பொறுக்கினாலும் பாஸ்போர்ட் வலுவானது.

ரோஹிணி லட்சுமி:
பயணம் பற்றி மட்டும் சொல்கிறேன். ராத்திரி வால்வோ பஸ்ஸில் காலை மடக்கி உட்கார்ந்தபடி மலை வளைவு என்றால் முட்டிக்காரருக்கு ஆகாது. பதான்கோட் வரை ரயிலில் படுத்துக்கொண்டு போங்கள், அங்கிருந்து டாக்சி. என் மாமனாரை அப்படித்தான் கூட்டிப் போனோம்.

மயூர் விஹார் மீனா:
எல்லோருக்கும் நன்றி. ராமன் சார், உங்கள் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பாஸ்போர்ட் வரியில் சிரித்துவிட்டார், ஆனால் பருந்து பற்றிய தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் கேட்பது: இருபது முப்பது ஒன்றாகச் சுழன்றால் எப்படி எண்ணுவது? கூந்தன்குளத்தில் மரத்தில் உட்கார்ந்திருப்பதைத்தான் எண்ணிப் பழக்கமாம்.

ஆர்.கே.புரம் ராமன்:
சுழலும்போது எண்ணவே கூடாது, மேலே இருப்பது கீழே வரும், கணக்கு கெட்டுப்போகும். உச்சிக்குப் போனதும் ஒவ்வொன்றாக வரிசையில் பிரிந்து சறுக்கும், அப்போது எண்ணச் சொல்லுங்கள். எதிர்ச் சரிவில் ஒரு தேவதாரு மரத்தையோ பாறையையோ கோடாக வைத்துக்கொண்டு, அதைத் தாண்டியதை மட்டும் கணக்கில் சேர்க்கலாம். மணிக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் எழுதட்டும், இனம் தெரியாததை 'கழுகு, தெரியவில்லை' என்றே எழுதட்டும். டெல்லி திரும்பியதும் நீங்கள் இ-பேர்டில் (பறவைப் பதிவுகளுக்கான இணையதளம்) ஏற்றிவிடுங்கள், குறிப்பில் போன திசையையும் சேருங்கள்.